கொடியில் ஒரு காக்கிச் சட்டை

"காவல் நிற்கிறவனுக்கு ஆளைத் தெரியாது, ஆள் மேலே கிடப்பதுதான் தெரியும்..." இப்படித்தான் என்னவோ சொல்வார் எங்கள் ஆசிரமத்துச் சுவாமி. அதற்குமேல் என்ன சொன்னார் என்பது எனக்கு மறந்துவிட்டது. திருமேனி கதவைப் பூட்டிய காலை மட்டும் மறக்கவில்லை.

தோட்டக்காரர் ராக்கப்பனுக்குக் கால்புண் பழுத்து, ஜுரம் கொதித்தது. சுவாமி டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் வந்து நின்றும், வாசல் சாவி வைத்திருந்த சீடர் திருமேனி திறக்கவில்லை.

"யாரப்பா வந்திருக்கிறது?" என்றார் சுவாமி.

"வெள்ளைக் கோட்டு. திறக்க மாட்டேன் சுவாமி. என் மகள் சிவகாமியைக் கொன்ற கூட்டம்."

"அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் என்ன சொன்னார்?"

"அந்த டாக்டரம்மா கதை சொன்னாள். மருந்தில் கிருமியெல்லாம் செத்துவிட்டதாம். செத்ததன் மேல்தோல் சிதறி ரத்தத்தில் மிதந்ததாம். உடம்பின் காவல் அணுக்களுக்கு அந்தத் தோல்தான் அடையாளமாம். அதைக் கண்டு வெறிபிடித்து, சொந்த உடம்பையே நாசம் பண்ணிவிட்டதாம்."

"கிருமி தோலை மாற்றிக்கொண்டு வரலாமே?"

"அந்தத் தோல் இல்லாமல் அது பிழைக்காதாம். அதனால்தான் அதை அடையாளம் காணும் புத்தி நம் உடம்புக்குப் பிறவியிலேயே இருக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உயிரில்லாத தோலோடு யாராவது சண்டை போடுவார்களா? யாரை ஏய்க்கப் பார்க்கிறாள்?"

சுவாமி பழந்துணி மூட்டையைக் கிளறினார். ஒரு காக்கிச் சட்டையை எடுத்துத் துணிக்கொடியில் போட்டார்.

ஆசிரமத்து நாய் மிளகுக்குக் காக்கி ஆகாது. நாய் பிடிக்கிறவர்கள் காக்கியில்தான் வருவார்கள். மிளகை யாரும் பிடித்ததில்லை, அடித்ததுமில்லை. அதன் தாய்க்கும் காக்கி ஆகாது.

காற்றில் சட்டைக் கை ஆடியது. மிளகு குரைத்துக்கொண்டு பாய்ந்தது. எட்டவில்லை. சுற்றிச் சுற்றி ஓடியதில் கஞ்சிப் பானை உருண்டு உடைந்தது. எல்லாருடைய காலைக் கஞ்சியும் மண்ணில் போயிற்று. உடைந்த ஓட்டில் மிளகின் காலும் கிழிந்தது. அது நிறுத்தவில்லை.

"மிளகு! ஏய்! அதற்குள்ளே யாருமே இல்லையடா!" என்று கத்தினார் திருமேனி.

கத்திவிட்டு அப்படியே நின்றார்.

"குழப்பமாக இருக்கிறது சுவாமி. அப்படியானால் அவளைக் கொன்றது யார்? கிருமியா, மருந்தா, அவள் உடம்பேயா?"

"கஞ்சியைக் கொட்டியது யார்?"

"மிளகு."

"அடிப்போமா?"

"ஐயோ, காவலுக்குத்தானே ஓடியது."

"சட்டையை அடிப்போமா?"

திருமேனி மிளகை இழுத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே ராக்கப்பன் முனகுவது கேட்டது.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் மேலேதான் கோபப்படுவது?"

"அது எனக்கும் தெரியாதப்பா. ஒன்று கேட்கிறேன். வாசலில் நிற்கிறவர் அந்தம்மாதானா?"

திருமேனி வாசல் பக்கம் திரும்பினார்.

"முகத்தைப் பார்க்கவில்லை சுவாமி."

"ம்" என்றார் சுவாமி.

திருமேனி கொடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு போய்க் கதவைத் திறந்தார்.