அமைச்சர் நட்ட கன்று

இமயமலைப் பூங்கா ஒன்றில் பனிச்சறுக்குக்கு ஒரு சரிவு, மரக்கன்றுகளுக்கு ஒரு சரிவு. நடுவே ஒரு கயிறு. அதற்குக் காவல் யாங்சென் என்கிற பெண்.

வனத்துறை அமைச்சர் ரத்தன்லால் விருந்தாளிகளும் பத்திரிகைக்காரர்களும் புடைசூழ வந்தார். காலில் பளபளவென்று சறுக்குப் பலகை.

“கயிற்றை அவிழ்.”

“இந்தப் பக்கம் கன்னுங்க இருக்குங்க ஐயா. பலகை பட்டா குருத்து ஒடிஞ்சிடும். அந்தப் பக்கம் நாள் முழுக்கச் சறுக்குங்க.”

“அங்கே சின்னப் பிள்ளைங்கதான் சறுக்குதுங்க. இங்கே வெறும் பனிதானே கிடக்கு? எங்கே, ஒரே ஒரு கன்னைக் காட்டு. காட்டலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

யாங்சென் கயிற்றைத் தாண்டிப் பத்தடி நடந்து, மண்வாரியால் பனியை அள்ளிப் போட்டாள். முதலில் ஒரு கல்வெட்டு தலைகாட்டியது. அவளே உரக்கப் படித்தாள்.

“மாண்புமிகு அமைச்சர் ரத்தன்லால் அவர்கள் தமது பொற்கரங்களால் நட்ட மரக்கன்று.”

பக்கத்திலேயே முழ உயரத்தில் ஒரு தேவதாரு பச்சையாக நின்றது. பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

“மத்த கன்னுங்களுக்குக் கல்வெட்டு இல்லீங்க ஐயா, இந்தக் கயிறு மட்டும்தான்” என்றாள் யாங்சென்.

அமைச்சர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

“யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது” என்று அதட்டினார். “உள்ளே கன்னு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”