பார்த்தேன் என்றவனுக்கு மூன்று சொற்கள்

கடலுக்கு முன்னால் வாயடைத்து நின்றவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் முத்துச்சாவடி என்றொரு துறைமுகம் இருந்தது. அதன் கரையில், பனைகளைவிட உயரமாக ஒரு மணிக்கூண்டு. கப்பல் தரை தட்டினால் காவலன் மணி அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் படகோட்டிகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, குடியிருக்கும் தேரி என்ற உயரமான செம்மணல் மேட்டிலிருந்து, மாலுமிகளைக் காப்பாற்றக் கரைக்கு ஓடிவர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. மாதா கோயிலில் அப்படிச் சத்தியம் செய்தவன்தான் அங்கே துடுப்பைத் தொடலாம்.

காவலன் பெயர் சந்தியாகு. ஒரு புயல் நாளில், பொழுது சாயும் நேரத்தில், கப்பல் ஒன்று மணல் திட்டில் மோதியது. மணி அடிக்கவில்லை. கப்பல் உடைந்துகொண்டிருந்தபோது ஆழ்கடலிலிருந்து ஒரு பேரலை கிளம்பி வந்து, கரை முழுவதையும் வழித்தெடுத்துக்கொண்டு போனது. அது வடிந்த பிறகுதான் மணி கேட்டது. புயலுக்காகத் தேரி மேட்டில் ஏற்றி வைத்திருந்த படகுகள் போனபோது, பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்த ஒரே ஒரு மாலுமிதான் மிஞ்சியிருந்தான்.

மணி அடிக்காததற்காகச் சந்தியாகு மேல் வழக்கு. அந்த மாலுமிதான் சாட்சி. நாங்கள் சாகும்போது அந்த ஆள் மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றான் என்று அழுதுகொண்டே சொன்னான். பயத்தில் உறைந்துபோயிருப்பான் என்று ஊரும் முடிவு கட்டிவிட்டது. சந்தியாகுவோ அன்று மாலைக்குப் பிறகு பேச்சையே தொலைத்திருந்தான். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது.

முத்துச்சாவடி நீதிமன்றத்தில் ஒரு வினோத வழக்கம் உண்டு. நீதிபதி துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகள் மேல் நம்பிக்கையும் கிடையாது. ஆகவே மூன்று துபாஷிகள். ஒருவர் உள்ளே வந்து கைதியின் பதிலைக் கேட்டு இங்கிலீஷில் சொல்லும்போது மற்ற இருவரும் வெளியே நிற்க வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது, கைதியிடம் சொந்தமாகக் கேள்வி கேட்கவும் கூடாது. இருவர் சொல் ஒத்துப்போனால் அதுதான் சாட்சியம்.

வழக்கன்று காலையில் சந்தியாகுவின் மனைவி மரியம்மை துபாஷிகள் மூவரையும் நீதிமன்ற வாசலில் மறித்தாள்.

"அண்ணே, ஒங்க இங்கிலீசு பாசையில சின்னச் சொல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவுக உசுரு ஒங்க நாக்குல இருக்கு."

மூவரும் தலை குனிந்தபடி உள்ளே போனார்கள்.

கப்பல் உடைந்தபோது நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. சந்தியாகு மூன்று முறையும் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். கயிறு இறுகிய தடம் இரண்டிலும் காய்ந்து கறுத்திருந்தது. "பாத்தேன், ஐயா" என்றான். பார், காண், நோக்கு என்று நம்மிடமும் சொற்கள் உண்டு. பாவம், அவனிடம் அன்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் வந்த வெங்கோபராவ் இளகிய மனசுக்காரர். 'ஸா' (saw) என்றார். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்ற அளவில் முடிந்துவிடும் சொல். அதன்படி வேலை போகும், உயிர் தப்பும்.

அடுத்து மீரான் சாயபு. பொய்யும் சொல்ல மாட்டார், ஒருவனைத் தூக்கில் போடவும் மனம் வராது. 'லுக்ட்' என்றார். அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினான் என்று பொருள். எவ்வளவு நேரம் என்பது அதில் இல்லை. அதற்குச் சில வருஷம் சிறை.

மூன்றாமவர் தைரியநாதன். அவருடைய தம்பி லாசர் அந்தப் படகோட்டிகளில் ஒருவன். வழக்குக்கு முன்பு ஒரு நாள் தம்பியைப் பார்க்கக் கரைப் பக்கமாக வந்தவர், மணிக்கூண்டைப் பார்த்து நின்றுவிட்டார். பனைகளின் தலைக்கும் மேலே, காவலன் நிற்கும் தளத்துக்குச் சற்றுக் கீழே, பாசிக்கொத்து ஒன்று சுவரில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன சொல் 'வாட்ச்ட்'. கண்ணை எடுக்காமல், தெரிந்தே, முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான் என்று பொருள். அதற்குத் தண்டனை தூக்கு.

இது வெளியே தெரிந்ததும் லாசரே அண்ணனின் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினான். மூன்று சொல்லும் மூன்று திசையில் நிற்க, துரை தீர்ப்பை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் சரியான சொல்லைச் சொன்னவர் யார்?

விடை: தைரியநாதன்தான். மற்ற இரண்டு சொல்லும் சந்தியாகுவின் உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அவன் செய்ததை இல்லாமல் ஆக்கியிருக்கும். அவன் நின்ற உயரத்திலிருந்து கப்பலும் தெரிந்தது, அதற்குப் பின்னால், பாசிக்கொத்து ஒட்டியிருந்த உயரத்துக்கு எழுந்து வந்த அலையும் தெரிந்தது. மணி அடித்தால் ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் கேள்வி கேட்காமல் அந்த அலையின் வாய்க்குள் ஓடியிருப்பார்கள். அதனால் கயிறு உள்ளங்கையை அறுக்க அறுக்க இழுக்காமல் பிடித்துக்கொண்டு, சாகிறவர்களிடமிருந்து கண்ணைத் திருப்பாமல் நின்றான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மேல் சிலிர்க்கிறது.

சின்னச் சொல்லாக இருந்திருந்தால் துரை ஏன் என்று கேட்டிருக்கமாட்டார். அந்தக் கடுஞ்சொல் அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் ஒரு மனிதன் எப்படி அப்படி நிற்க முடியும் என்று கோபத்தோடு மணிக்கூண்டில் ஏறினார். பாசிக்கொத்தைத் தாண்டி மேலே போய், கயிற்றைக் கையில் பிடித்து, கடலையும் கீழே தேரி மேட்டுக் குடிசைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் சந்தியாகுவின் விலங்கை அவிழ்க்கும்படி கையை மட்டும் காட்டினார்.

அன்று மாலை மரியம்மை தைரியநாதனைத் தேடி வந்தாள்.

"நான் சின்னச் சொல்லாக் கேட்டுட்டேண்ணே" என்றாள்.