மூன்றாவது உத்திரம்

கொம்பையா கொத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு வாத்தியாராக வாய்த்த ஜெபராணிக்கு முப்பத்தாறு. விரிசல் விட்ட கான்கிரீட் உத்திரங்களில் கார்பன் துணியை ஒட்டி வலுவாக்குவது ஜெபராணியின் தொழில். கொம்பையா பூசிய சுவரில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம் என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் எட்டு மாதமாக இந்தத் துணியை அளந்து வெட்டிக்கொண்டு நின்றார்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. சாப்பாட்டுக்கூடத்தின் உத்திரங்கள் பாஸானால்தான் பிள்ளைகளுக்கு உள்ளே இடம். அதுவரை மரத்தடிச் சோறு. மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழேதான் கொம்பையாவின் ஒரே மகள் முத்துச்செல்வி வழக்கமாகத் தட்டோடு உட்காருவாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? வேட்டி கனம்கூட இல்லை. இந்தத் துணி எப்படிக் கூரையைத் தாங்கும்?"

ஜெபராணி கான்கிரீட் தேய்க்கிற கிரைண்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டாவதை நான் ஒட்டுதேன். மூணாவது உங்களுக்கு. ஜல்லி தெரியுத மட்டும் தேய்ங்க. அப்புறம் பிசின், துணி. அவ்வளவுதாண்ணே."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் கொம்பையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பிள்ளை தலைக்கு மேலே தன் கைவேலை!

ஒரு வாரம் கழித்துச் சோதனை. துணியின்மேல் இரும்பு வில்லை ஒன்றை ஒட்டி, சுற்றிலும் அறுத்துவிட்டு, கருவியால் கீழே இழுப்பார்கள்.

முதலில் ஜெபராணியின் உத்திரம். கருவி வெகுநேரம் முக்கியது. பிறகு டொப்பென்று வில்லை வந்தது, கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு. உத்திரத்தில் ஒரு குழி.

"ஐயையோ!" என்று பதறினார் கொம்பையா.

"பாஸ்," என்றார் ஜெபராணி.

அடுத்தது மூன்றாவது. இரண்டு திருப்புக்கு மேல் தாங்காமல் வில்லை கழன்று வந்தது. உத்திரத்தில் ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை. கொம்பையா கைதட்டியே விட்டார்.

"பாத்தீங்களா மேடம்! ஒரு கீறல் உண்டா?"

"துணி முழுசையும் உரிச்சிருங்கண்ணே."

கொம்பையா திருதிருவென்று விழித்தார். கிண்டல் பண்ணுகிறாரோ? வாய் தவறிச் சொல்லிவிட்டாரோ? முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை.

"உடைஞ்சது பாஸு, உடையாதது பெயிலா? இது எந்த ஊரு நியாயம் மேடம்? எனக்கு ஒரு எழவும் விளங்கல."

ஜெபராணி இரண்டு வில்லைகளையும் அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். ஒன்று கல்லும் சிமெண்டுமாகக் கனத்தது. மற்றதில் துணியின் முதுகில் மெல்லிய சாம்பல் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. வழவழவென்று, ஒரே சீராக.

"இது என்னண்ணே?"

தன் கை தனக்குத் தெரியாதா? கொம்பையா அதைக் கட்டைவிரலால் தடவினார்.

"சிமெண்டுப் பால், மேடம்."

"எப்பப் போட்டீங்க?"

"தேய்ச்சு முடிச்சதும். ஜல்லியெல்லாம் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னுச்சு. பாக்கப் பொறுக்கல. பிள்ளை உக்காருத இடமாச்சே... தாள் கனத்துக்கு லேசா ஒரு பூச்சு இழுத்துவிட்டேன். நல்லாக் காயவிட்டுத்தான் துணி ஒட்டுனேன்."

ஜெபராணி கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். நூல் பிடித்தமாதிரி நேராக, ஒரு குமிழி இல்லாமல் மேலே கிடந்தது துணி. வெளியே மரத்தடியில் பிள்ளைகள் தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அதில் முத்துச்செல்வியின் குரலும் இருந்தது.

"அப்போ, கான்கிரீட்டைப் பிடிக்காம இத்தனை நாளா இந்தத் துணி எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு மேடம்?"

"உங்க கைவேலையைத்தாண்ணே."