மொச்சை உழுத பாதி

குடிகளின் கலப்பையை எண்ணி ராஜாக்கள் நாட்டை அளந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், வானம் பார்த்த மேட்டாங்காடு ஒன்றில் சடையன் என்ற குடியானவனும் அவன் மனைவி மாராக்காளும் பாடுபட்டார்கள்.

கேளுங்கள், அவன் களைத்திருந்தான். அவள் களைத்திருந்தாள். வருஷம் தவறாமல் கீறுபட்ட மண்ணும் களைத்திருந்தது.

ஒருநாள் ஜோடி மாட்டில் ஒன்று செத்தது. ஒற்றை மாட்டுக்கு ஏது ஏர்? ராஜாவின் சட்டமோ இது: மூன்று ஆண்டு உழவு காணாத நிலம் தரிசு, தரிசு அரண்மனைக்கு.

அறுத்துவிட்ட சோளக்கட்டை மழைக்குத் தானாகத் துளிர்த்தது. ஊரார் அதை உழுது புரட்டிவிடுவார்கள். மாராக்காள் விட்டுவைத்தாள். கட்டைகளுக்கு நடுவே குச்சியால் குழி குத்தி மொச்சை போட்டாள்.

தானியம் பாதிதான் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பானைக்கு மொச்சை இருந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டும் மொச்சைக்கொடியும் இருந்தன. எலும்பாய் நின்ற காளை தேறியது.

பக்கத்துக் காட்டுத் தொட்டையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனப்பா சடையா, கலப்பையக் கறையான் தின்னுருச்சாட்ட இருக்குது? உம்பட காட்டுல மொச்சை உக்காந்து திங்குது, சோளம் நின்னு பாக்குது!"

முதல் தடவை சடையன் சிரித்தான். இரண்டாம் தடவை பேசாமல் போனான். மூன்றாம் தடவை அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது.

இரண்டாம் ஆண்டு, மாராக்காள் சந்தைக்குப் போயிருந்த பொழுதில், கிழக்குப் பாதியில் இருந்த மொச்சை முழுவதையும் பிடுங்கி எறிந்தான்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"சோளத்தோட சோத்தைத்தான அது தின்னுட்டுக் கெடந்துச்சு."

வையக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் அந்தப் பாதியில் மொச்சை போட அவன் விடவும் இல்லை.

மூன்றாம் ஆண்டு கிழக்குப் பாதி வெளிறியது. கதிர் சிறுத்தது. பங்குனி வெயிலில் ராஜாவின் மணியகாரர், தரிசை அளந்தெடுக்கும் கயிற்றோடு வந்தார். காலையிலிருந்து நடந்தவர், உட்காரவும் இல்லை.

"உழவு இல்லை. தரிசு."

மாராக்காள் கடப்பாரையை நீட்டினாள். "சாமி, கயிறு போடறதுக்கு முன்னால மூணு எடத்துல இதைப் போட்டுப் பாருங்க."

தொட்டையனின் உழுத காட்டில் போட்டார். புழுதி பறந்தது, ஒரு முழம் தோண்டியும் ஈரமில்லை. சோளம் மட்டும் நின்ற கிழக்குப் பாதியில் போட்டார். டங்கென்று எகிறியது. மொச்சை படர்ந்த மேற்குப் பாதியில் போட்டார். கடப்பாரை தானாக இறங்கியது. கறுத்த மண், ஈரத்தோடும் மண்புழுவோடும் மேலே வந்தது.

"இதை யார் உழுதது?"

"மொச்சை உழுதுச்சுங்க சாமி. எங்களால ஆகலீங்க."

மணியகாரர் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார். "உழவு கண்ட நிலந்தான். மேக்குப் பாதி உங்களுது."

சடையனுக்கு மூச்சு வந்தது.

"கெழக்குப் பாதியை யார் உழுதது?"

சடையன் தான் மொச்சை பிடுங்கிய இடத்தைப் பார்த்தான். கயிறு கிழக்கே விழுந்தது, அந்தப் பாதி அரண்மனைக்குப் போனது.

மாராக்காள் அரிவாளை எடுத்துக்கொண்டாள். "வாங்க, மாட்டுக்குக் கொடி அறுக்கோணும்."

கேட்டவர்களே, நம் பங்கைத் தின்பதாகத் தோன்றும் துணைதான் பல சமயம் நம்மைத் தாங்கி நிற்கிறது என்பதால், ஊர்ப்பேச்சைக் கேட்டு அதைப் பிடுங்குகிறவன் தன்னில் பாதியை இழக்கிறான்.