ஏழு ஒளியாண்டுக் குளிர்

மலைமேல் இருந்த ஒரு வானாய்வு மையத்தில் பொற்கொடி என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த இருதயராஜ் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். கல்லூரி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் அமலன் வீட்டை விட்டுப் போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இருதயராஜ் ஆராய எடுத்துக்கொண்டது ஒரு பழுப்புக் குள்ளனை. நட்சத்திரம் போலவே வாயு திரண்டு உருவாகி, எரியத் தேவையான அளவு சேராமல் நின்றுபோன பொருள் அது. சூரியனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏழு ஒளியாண்டுக்குச் சற்று அப்பால். உறைபனி அளவுக்குக் குளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாது. அது விடும் சொற்ப வெப்பத்தை வைத்துத்தான் அப்படி ஒன்று இருப்பதையே கண்டுபிடித்தார்கள்.

முதல் அத்தியாயத்தை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பொற்கொடி படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் அடித்தார். ‘தோற்றுப்போன நட்சத்திரம்’ என்று எழுதியிருந்ததில் ‘தோற்றுப்போன’ என்ற சொல்.

“எல்லாரும் அப்படித்தானே மேடம் எழுதறாங்க.”

“எதுல தோத்துச்சு சார்?”

“எரியறதுல.”

“எரியறேன்னு அது யார்கிட்டயாவது சொல்லுச்சா?”

இருதயராஜ் தாள்களை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்தார்.

“என் பையன் டாக்டராகணும்னு நெனச்சேன். மூணு தடவை பரீட்சை எழுதினான், தேறலை. அவங்க அம்மா அடக்கத்துக்கு வந்தவங்க முன்னாடி, ‘இவனைப் பெத்ததுக்கு அவ பெறாமலே இருந்திருக்கலாம்’னு சொல்லிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டான்.”

பொற்கொடி நாற்காலியைக் காட்டினார். இருதயராஜ் உட்காரவில்லை.

“அவன் போன சமயத்துல அந்தக் குள்ளன்லேருந்து கிளம்பின வெப்பம் இப்பத்தான் மேடம் இங்க வந்து சேருது. அதுக்காகத்தான் இதை எடுத்தேன்.”

“அப்புறம் ஒரு தகவலும் இல்லையா?”

“வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முதல் ஆளா வந்து, அம்மா கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போறானாம். கல்லறையைப் பாத்துக்கிறவர் சொன்னார். வீடு நாலு தெரு தள்ளித்தான். எட்டிக்கூடப் பாக்கலை. அவ்வளவு ஆறிப்போயிட்டான்.”

“நீங்க ஒரு தடவையாவது அங்க போய் நின்னீங்களா?”

“அவன்தானே மேடம் வரணும்.”

பொற்கொடி எழுந்து அவரைக் கருவி அறைக்கு அழைத்துப் போனார். பழுது பார்க்கப்பட்டு வந்திருந்த வெப்பக் கேமரா மேசைமேல் இருந்தது. அதை இன்னும் குளிர்விக்கவில்லை. அப்படியே அதையும் திரையையும் போட்டார்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலை. முழுக்க வெள்ளை.”

“எதோட வெளிச்சம்?”

“கேமராவோட சொந்தச் சூடு.”

பொற்கொடி கையுறை மாட்டிக்கொண்டு கேமராவின் குடுவைக்குள் திரவ நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். வெண்புகை வழிந்து தரையில் பரவியது. பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். இருதயராஜும் உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. இருவரும் போகவில்லை.

திரை மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு கறுத்தது. வெகுநேரம் கழித்து அதன் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது.

“சோதனைக்கு வைக்கிற வெப்பப் புள்ளியை இப்பத்தான் போட்டீங்களா மேடம்?”

“காலையிலேருந்தே அது அங்கதான் இருக்கு.”

இருதயராஜ் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். ரெண்டு நாள் லீவு வேணும்.”

“போயிட்டு வாங்க.”

“அவன்கிட்ட சொல்றதுக்கு ஏழு வருஷமாச் சேத்து வச்சிருக்கேன். மன்னிப்புக் கேக்கணும். நான் பட்ட பாட்டையும் சொல்லணும். எல்லாத்தையும் சொன்னா எங்கூடப் பேசுவானா மேடம்?”

பொற்கொடி கையுறைகளைக் கழற்றினார்.

“பேசுவாரான்னு எனக்குத் தெரியாது சார். நீங்க பேசாம நின்னா, அவர் பேசினாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும்.”