நாவல் மரத்துக் கீறல்

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளத்தங்கரையில் பெரிய நாவல் மரம் ஒன்று. திருடிப் பிடிபட்டவர் யாராக இருந்தாலும் அவர் பெயரில் அந்த மரத்தில் ஒரு கீறல் விழும். கரடியார் தன் நகத்தால் கீறுவார். பட்டை மூடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கோடையிலும் அதே இடத்தில் மறுபடியும் கீறுவார்.

கீறல் விழுந்தவர் குடும்பத்தோடு கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். கோடையில் கடைசியாக வந்தால் என்ன மிஞ்சும்? எருமைகள் புரண்டு எழுந்த சேறுதான் மிஞ்சும்!

கீரி செவலையனுக்கும் ஒரு கீறல் இருந்தது. இளம் வயதில், பசி கண்ணை மறைத்த ஒரு நாளில், கௌதாரி புள்ளியம்மாவின் முட்டைகளைத் தின்றுவிட்டான். அதற்குப் பிறகு அவன் எந்தக் கூட்டையும் தொட்டதில்லை. ஆனாலும் கீறல் அப்படியே இருந்தது.

அந்தக் கோடையில் அவனுடைய சின்னக் குட்டி சேற்றைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது.

"அப்பா, நமக்கு நல்ல தண்ணி எப்பக் கிடைக்கும்?"

செவலையன் குட்டியின் வயிற்றை நக்கிக் கொடுத்தான்.

பக்கத்தில் படுத்திருந்த காட்டுப்பன்றி மொத்தையன் சிரித்தான். கிழங்கு திருடியதற்காக அவனுக்கும் ஒரு கீறல் உண்டு. "அட அசடே! மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரத்துல வா. என் கோரைப்பல்லால அந்தப் பட்டையை உரிச்சு எறிஞ்சிடுறேன். கீறலும் போச்சு, கவலையும் போச்சு!"

"பட்டையை உரிச்சா மரம் செத்துடும், மொத்தையா! பழைய திருட்டை மறைக்கப் புதுசா ஒரு தப்பு பண்ணச் சொல்றியே! நான் முறைப்படியே கேட்கப் போறேன்."

முறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. திருந்தியவன் எல்லார் முன்னாலும் நின்று தன் தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நஷ்டப்பட்டவர் மனம் ஒப்பி, தன் காலாலேயே கீறல்மேல் களிமண் பூச வேண்டும். பூசிவிட்டால் கரடியார் அதை மறுபடி தொடமாட்டார். வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஆனால் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெட்கத்துக்குப் பயந்து எல்லாரும் சேற்றையே குடித்துவந்தார்கள்.

மறுநாள் காலை குளக்கரையில் கூட்டம் கூடியிருந்தபோது செவலையன் முன்னால் வந்து நின்றான்.

"புள்ளியம்மாவோட முட்டையைத் தின்னது நான்தான். பசின்னு சாக்குச் சொல்லமாட்டேன். தப்பு என்னோடதுதான்."

"திருட்டுப் பயல்! நம்பாதீங்க!" என்று அகவியது மயில்.

கரடியார் கௌதாரியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

புள்ளியம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். பிறகு சொன்னாள்: "என் முட்டை இனிமே திரும்பி வராது. அந்த வலி இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். இவன் பொந்துல இருந்து குளத்துக்கு என் புதர் வழியாத்தான் குறுக்கு வழி. இவன் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்ல. என் குஞ்சுங்க பயந்துடும்னு பாறையைச் சுத்திக்கிட்டுப் போறான். யாரும் பார்க்கலைன்னு நெனச்சுத்தான் போறான். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்!"

செவலையன் தலையைக் குனிந்துகொண்டான்.

புள்ளியம்மா களிமண்ணைக் காலில் அள்ளினாள். கீறல் அவளுக்கு எட்டுகிற உயரத்துக்குச் சற்று மேலே இருந்தது. பறந்துகொண்டே பூச முடியாது; தத்தித் தத்திப் பார்த்தாள், எட்டவில்லை. செவலையன் மரத்தடியில் முதுகைக் காட்டிப் படுத்தான். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. கீரியின் முதுகில் கௌதாரியா? புள்ளியம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஏறி நின்று கீறல் முழுவதையும் பூசி மூடினாள். அவள் இறங்கும்வரை செவலையன் ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை.

அன்று அவன் குட்டிகள் தெளிந்த தண்ணீரில் முகம் புதைத்துக் குடித்தன. மயில் வாயைத் திறந்தது. "இவன் அந்த முட்டைத் திரு..."

"எந்த முட்டை?" என்று உறுமினார் கரடியார். மயில் வாயை மூடிக்கொண்டது.

அடுத்த மழைக்குள் பட்டை வளர்ந்து கீறலை மூடிவிட்டது. ஒரு காலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொத்தையன் வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "கரடியாரே, எனக்கும் ஒண்ணு சொல்லணும்..."

தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு திருந்தி வாழ்கிறவனின் பழைய கறையை அழித்துக் கொடுப்பதுதான் உண்மையான நீதி.