ஆளுக்கு ஏழு முட்டை

மாடத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாதிக் கீரை சுளகில், பாதி மடியில். எட்டு மாசப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காம்பைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்போது புருஷன் சங்கிலியும் அவன் அண்ணன்மார் இரண்டு பேரும் கொல்லைக்குள் வந்து, சாவு வீட்டுத் துட்டி சொல்ல வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

சேதி என்னவோ நல்ல சேதிதான். அவர்கள் தங்கச்சி வெள்ளையம்மாளின் மகள் செல்லக்கனி பெரியமனுஷி ஆகிவிட்டாள். பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும். அது தாய்மாமன் வீட்டு முட்டையாக இருக்க வேண்டும். "வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் ஆட்டோவில வருவாரு. நாட்டுக்கோழி முட்டை இருபத்தொண்ணு எடுத்து வைங்க. மூணு அண்ணன் இருந்தும் முட்டைக்கு வழியில்லைன்னா, எங்க மாமியார் முன்னால நான் எப்படி நடமாட?" என்று வெள்ளையம்மாள் போனில் அழுதிருந்தாள்.

கொல்லையில் கோழி ஏழு. சித்திரை வெயில் ஏறினதிலிருந்து ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

மூத்தவர் சப்பாணிமுத்து மாட்டு டாக்டரைப் பார்த்துவிட்டே வந்திருந்தார். "பச்சைக்கீரை போடச் சொன்னாரு. வெள்ளரிக்காய், தர்பூசணித் தோலு, இந்த வெயிலுக்குக் குளிர்ச்சியா எதுன்னாலும் சரியாம். ஒண்ணு திங்க ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கப்படாது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பரிமாறணும்னாரு."

"பரிமாறணும்னா இலை வேணுமே அண்ணே," என்றான் நடு அண்ணன் இசக்கி.

இலை அறுத்தார்கள். ஏழு இலையை வரிசையாக விரித்து, தண்ணீர் தெளித்து, நடுவில் தண்டங்கீரை, ஓரத்தில் வெள்ளரிக்காய், ஊறுகாய் வைக்கிற இடத்தில் தர்பூசணித் தோல் வைத்தார்கள். கோழிகள் ஓடி வந்தன.

"ஏல, நில்லு. இலை நுனி சாப்பிடுறவங்களுக்கு இடது பக்கம்லா இருக்கணும்? அந்தக் கருப்பிக்கு வலது பக்கம் இருக்கு பாரு," என்றார் சப்பாணிமுத்து.

இசக்கி இலையைத் திருப்பி வைத்தான். கருப்பிக் கோழி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. மறுபடியும் திருப்பினான். அது மறுபடியும் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கருப்பி கொல்லையைச் சுற்றி ஓட, இசக்கி கீரை சிந்தாமல் இலையை ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மாடத்திக்கு மூத்தவர்கள் முன்னால் வாய் வராது. எதையாவது சொல்லியாக வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையிடம் சொல்லுவாள். அது அவர்கள் காதில் விழும். அப்படித்தான் சொன்னாள்: "பாப்பா, கீரையைக் கட்டி வேலியில தொங்கவிட்டாப் போதும், கோழி கொத்திக்கிடும்னு பெரியப்பாகிட்ட சொல்லு."

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"கேட்டியா அண்ணே?" என்றான் சங்கிலி.

"கேட்டாலும் கேட்கலைன்னுதான் வச்சுக்கிடணும். அவ பிள்ளைகிட்டதானே சொன்னா? ஒட்டுக்கேட்டுட்டு நடக்கிறது மரியாதையா? பிள்ளை வந்து சொல்லட்டும்," என்றார் சப்பாணிமுத்து.

பிள்ளைக்கு முன்னால் போய் மூன்று பேரும் குந்தினார்கள். பிள்ளை அவர்களைப் பார்த்தது. பிறகு காம்பைப் பார்த்தது. மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"மறந்துபோச்சு போலிருக்கு," என்றான் இசக்கி.

"விடு. நல்ல அழுத்தமான பிள்ளை. நம்ம குடும்பம்லா."

இதற்குள் கோழிகள் கீரையைத் தின்று, வெள்ளரிக்காயைத் தின்று, இலையையும் தின்றிருந்தன. சப்பாணிமுத்துவுக்கு முகம் வாடிவிட்டது. "ஒருத்தங்ககூட இலையை மடிக்கலையேல. மனசு நிறையலை. இன்னும் ஒரு பந்தி போடு." செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒன்பது பந்தி நடந்தது. வாழை மொட்டையானது. கீரைப்பாத்தி வெறும் மண்ணானது. மாடத்தி உருவி வைத்திருந்த முருங்கைக்கீரையும் போனது. கோழிகள் நடக்க முடியாமல் நடந்தன. முட்டை மட்டும் இல்லை.

புதன்கிழமை காலையில், கருப்பி அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு வைக்கோல் போருக்குள் நுழைவதை மாடத்தி பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள். உள்ளே இருபத்துமூன்று முட்டை. கோழிகள் ஏழும் அங்கேதான் வைத்திருக்கின்றன. தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். இரண்டு மிதந்தது, கூமுட்டை. இருபத்தொன்று அடியில் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுளகில் அடுக்கி, வாய் பேசாமல் மூத்தவர் முன்னால் வைத்தாள்.

சப்பாணிமுத்து ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். "எது எந்தக் கோழி வச்சது?"

"தெரியலையே அண்ணே."

"நாளைக்கு அந்த வீட்டு ஆளுங்க கேட்டா என்ன சொல்ல? தாய் பேரு தெரியாத முட்டையை நம்ம பிள்ளைக்குக் கொடுக்கவா?"

மூன்று பேரும் யோசித்தார்கள். தாயையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. வைக்கோல் பரப்பி, கோழிக்கு மூன்று முட்டையாக வைத்து, மேலே கோழியை உட்காரவைத்துக் கூடையால் மூடினார்கள். கூடைக்குள் இருட்டு. வயிற்றில் ஒன்பது பந்தி. ஏழும் அசையாமல் உட்கார்ந்துவிட்டன.

"ஒண்ணுகூட மாட்டேங்கலையே! எல்லாம் சரியா அவங்கவங்க முட்டை," என்றான் சங்கிலி.

"அதுதான் தப்பாப் போச்சு," என்றார் சப்பாணிமுத்து. "இனி எப்படில எடுக்க? அடைக்கு உட்கார்ந்த தாயை எழுப்புறது பாவம்லா."

வியாழக்கிழமை காலையில் இந்தப் பாவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்று பேரும் குளிக்கப் போனார்கள். மாடத்தி பார்த்தாள். கொல்லை மூலையில் வெள்ளைக் கத்தரிச்செடி நின்றது. உருண்டைக் காயாக இருபத்தொன்று பறித்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, கூடைக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தாள், காயை வைத்தாள். முட்டை வாளியில் தவிட்டுக்குள் போனது.

குளித்துவிட்டு வந்து கூடைகளைத் திறந்தார்கள். கோழிகள் எழுந்து, கீழே ஒரு பார்வை பார்த்து, சடசடவென்று உதறிவிட்டு மேயப் போய்விட்டன. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயையோ! விட்டுட்டுப் போறாவளே! சூடு ஆறிப்போச்சுன்னா?"

"பதறாதல. இருபத்தொண்ணு. நாம மூணு பேரு. ஆளுக்கு ஏழு." சப்பாணிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, பூப்போல வைக்கோலில் அமர்ந்தார். தம்பிமார் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்தார்கள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. மாடத்தி வாளியைத் தூக்கினாள். மூன்று பேரையும் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்தடவையாக மூத்தவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அத்தான், எந்திரிங்க. உங்களுக்கு அடியில..."

"மெதுவாப் பேசும்மா," என்றார் சப்பாணிமுத்து. "ஒண்ணு இப்பதான் அசைஞ்சுது."

"எனக்கும் அசைஞ்சுதுண்ணே," என்றான் இசக்கி.

"தங்கச்சீ! ஆட்டோக்காரன் கத்துதான், வாம்மா!" என்று வாசலிலிருந்து வெள்ளையம்மாள் புருஷன் குரல் வந்தது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிரும்மா, இன்னும் இருபது நாள்தான்னு."

"அது இருபது வருஷம் ஆனாலும் பொரியாது அத்தான், ஏன்னா அது முட்டை இல்ல, அது வந்து நம்ம கொல்லைக் கத்தரிக்காய்!"